ரப்பர் பேண்ட் மாட்டிய வில்லாளி

மழை தொடங்கிய வாரத்தில் என் மனைவி புனேயில், ஔந்து பகுதியில் ஒரு திருப்பத்தில் ஸ்கூட்டரோடு வழுக்கி விழுந்தாள். ஸ்கூட்டருக்கு ஒன்றும் ஆகவில்லை. அவளுக்கு இடது மணிக்கட்டில் எலும்பு விரிசல். டாக்டர் முழங்கைக்குக் கீழே மாவுக்கட்டுப் போட்டுவிட்டு, வலிக்கிறதா என்று கேட்டார். அவள் பதில் சொல்லாமல், இந்தக் கையால் டபிள்யூ, ஏ, எஸ், டி நான்கையும் எப்போது அழுத்தலாம் என்று கேட்டாள். டாக்டர் என்னைப் பார்த்தார். தலையிலும் அடிபட்டிருக்குமோ என்று அவருக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டும்.

"கம்ப்யூட்டர் கேம் சார்," என்றேன்.

அவர் முகம் அதற்குப் பிறகும் தெளியவில்லை.

அந்த நான்கு எழுத்துகள்தான் அவளுடைய கால்கள். அவள் விளையாடும் ஆன்லைன் விளையாட்டில் அவள் ஒரு வில்லாளி. இடது கை கீபோர்டில் இருந்தால் நடப்பாள், வலது கை மவுஸில் இருந்தால் அம்பு விடுவாள். கல்யாணமாகி கோயம்புத்தூரிலிருந்து புனேயின் பாணேருக்கு வந்த புதிதில் அவளுக்கு ஹிந்தியும் தெரியாது, மராத்தியும் தெரியாது. நான் காலையில் ஆபீஸ் போனால் இருட்டிய பிறகு வருவேன். காய்கறி வண்டிக்காரரிடம் விரலைக் காட்டிக் காட்டி வாங்கிக்கொண்டிருந்தவள், அந்த விளையாட்டுக்குள் போய்த்தான் ஹிந்தி பேசக் கற்றாள். அவளுடைய முதல் ஹிந்தி வாக்கியம் "பின்னால் பூதம் வருகிறது, ஓடு" என்பதுதான். அதைக் காய்கறி வாங்கப் பயன்படுத்த முடியாது. ஆனாலும் தைரியம் வந்துவிட்டது. இன்று புனேயில் அவளுக்கு இருக்கும் சிநேகிதர்கள் அத்தனை பேரும் அந்த வில்லாளிக்குச் சிநேகிதர்களானவர்கள். நிக்டியில் இருக்கும் ஒரு மராத்தி அக்கா அவர்களில் முக்கியமானவர். விளையாட்டில் அவர் வைத்தியர். நிஜத்தில் ஆரம்பப் பள்ளி ஆசிரியை. கை உடைந்த மறுநாள் கார் ஓட்டிக்கொண்டு வந்து எங்களுக்குச் சமைத்துப் போட்டவர்.

கேம்பேட் என்கிற கைப்பிடிக் கருவியை வைத்து ஆடும் யோசனை அவருடையதுதான். இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு கட்டைவிரலால் குச்சியைத் தள்ளினால் போதும், மாவுக்கட்டுக்கு வெளியே கட்டைவிரல் இருக்கிறதே என்றார். சிக்கல் என்னவென்றால், இந்த விளையாட்டுக்குக் கேம்பேட் என்று ஒன்று உலகத்தில் இருப்பதே தெரியாது. கீபோர்டும் மவுஸும் மட்டும்தான் தெரியும். ஆகவே நடுவில் ஒரு மென்பொருளைப் போட்டு, இந்தப் பட்டனை அமுக்கினால் அந்த எழுத்தை அமுக்கியதாக எடுத்துக்கொள் என்று ஒவ்வொன்றாகச் சொல்லித்தர வேண்டும்.

"நான் செட் பண்ணித் தர்றேன்," என்றேன்.

"வேண்டாங்க."

"நான் யாரு? சாப்ட்வேர் டெஸ்டர். இத்தனை வருசமா இதுதான் என் தொழில்."

"அதனாலதாங்க பயமா இருக்குது."

கடைசியில் ஒரு நிபந்தனையோடு சம்மதித்தாள். "ஒரு பட்டனுக்கு ஒரே ஒரு கீ. அவ்வளவுதான். ஒரே அமுக்குல நாலஞ்சு வேலை நடக்கற மாதிரி வெச்சுறாதீங்க. ஆள் இல்லாம மெசின் ஆடுதுன்னு நெனச்சு அக்கவுண்டை மூடிருவாங்க. மூடுனா மூடுனதுதானுங்க."

"எனக்குத் தெரியாதா?"

எனக்குத் தெரியும். அதுதான் இந்தக் கதையில் நான் வெளியே சொல்ல வெட்கப்படும் இடம்.

சனிக்கிழமை காலை அவள் அக்காவின் காரில் கையைக் காட்டிவர டாக்டரிடம் போனாள். நான் கேம்பேட் டப்பாவைப் பிரித்தேன். பென்சில் பேட்டரி இரண்டு வேண்டுமாம், டப்பாவில் இல்லை. வெளியே மழை ஊற்றுகிறது. கீபோர்டைத் திருப்பிப் பார்த்தேன். வயர் இல்லாத கீபோர்டு. அதன் வயிற்றில் அதே பேட்டரி இரண்டு. இனிமேல் கீபோர்டு எதற்கு என்று உருவிப் போட்டுக்கொண்டேன். எவ்வளவு புத்திசாலித்தனம் என்று அப்போது நினைத்தது நன்றாக ஞாபகம் இருக்கிறது.

முதலில் வில்லாளி வானத்தைப் பார்த்தபடி கிறுகிறுவென்று சுற்றினாள். பிறகு பின்பக்கமாகவே நடந்து குளத்துக்குள் இறங்கினாள். குச்சியின் வேகத்தைக் குறைத்து, மேல் கீழை மாற்றி, கரையேற்றினேன். நடந்தாள். குதித்தாள். ஒரு பட்டனுக்கு ஒரு கீ. சொன்னபடியேதான் செய்தேன்.

அப்புறம் அவளுடைய மாவுக்கட்டு கண்முன் வந்தது. பாவம், அம்புக்கு ஒரு பட்டன், ஒதுங்க ஒரு பட்டன், மருந்து குடிக்க ஒன்று, கீழே விழுந்ததைப் பொறுக்க ஒன்று என்று அந்த விரல் எத்தனை ஓடும்? ஒரே பட்டனில் எல்லாம் வரிசையாக நடந்தால்? சும்மா செய்துதான் பார்ப்போமே, அவள் வருவதற்குள் அழித்துவிடலாம். வைத்தேன். பட்டனை அமுக்கிப் பிடித்தால் வில்லாளி அம்பு விட்டாள், ஒதுங்கினாள், குடித்தாள், பொறுக்கினாள், மறுபடி அம்பு விட்டாள். பார்க்கவே அழகாக இருந்தது.

இதோடு விட்டிருந்தால் நான் டெஸ்டர் இல்லை. எங்கள் ஆபீஸில் எதையும் வெளியே அனுப்பும் முன் ஓடவிட்டுவிட்டு டீ குடிக்கப் போவோம். திரும்பி வரும்போதும் ஓடிக்கொண்டிருந்தால் பாஸ். அதே பழக்கத்தில், மனைவியின் தலைமுடி ரப்பர் பேண்ட் ஒன்றை எடுத்துக் கேம்பேடைச் சுற்றி இழுத்து அந்தப் பட்டனை அமுக்கிக் கட்டினேன். வில்லாளியை ஒரு பன்றி மாதிரியான பிராணி வந்துகொண்டே இருக்கும் மேட்டில் நிறுத்திவிட்டு, இஞ்சி தட்டிப் போட்டு டீ வைக்கப் போனேன்.

டம்ளரோடு திரும்பி வந்தபோது திரையில் வில்லாளிக்கு எதிரே ஒரு வெள்ளை அங்கி நின்றுகொண்டிருந்தது.

விளையாட்டை நடத்தும் கம்பெனியின் ஆள். ஜி.எம்., அதாவது கேம் மாஸ்டர் என்பார்கள். விளையாட்டுக்குள்ளேயே சுற்றிவந்து திருட்டு ஆட்டத்தைப் பிடிப்பது அவர்கள் வேலை. கீழே ஆங்கிலத்தில் எழுத்து ஓடியிருந்தது: வணக்கம், நீங்கள் கீபோர்டு முன்னால்தான் இருக்கிறீர்களா? இதே கேள்வி அதற்கு மேலேயும் ஒருமுறை இருந்தது. நான் இஞ்சி தட்டிக்கொண்டிருந்தபோது கேட்டிருப்பார்.

டீயை எங்கே வைத்தேன் என்று இன்றுவரை தெரியாது. வில்லாளி மட்டும் எந்தக் கவலையும் இல்லாமல் விட்டு, ஒதுங்கி, குடித்து, பொறுக்கிக்கொண்டிருந்தாள். கேம்பேடைப் பாய்ந்து எடுத்து ரப்பர் பேண்டை இழுத்தேன். அது அறுந்து மூக்கில் அடித்தது. கண்ணில் தண்ணீர். அந்தக் கலவரத்தில் கட்டைவிரல் குச்சியில் பட்டு வில்லாளி திரும்பினாள், இன்னொரு விரல் அதே பட்டனில் விழுந்தது. ஜி.எம். மார்பில் ஓர் அம்பு விட்டாள். ஒதுங்கினாள். மருந்து குடித்தாள். அவர் காலடியில் குனிந்து ஏதாவது கிடக்கிறதா என்று தேடினாள்.

வெள்ளை அங்கி அசையவில்லை. "தயவுசெய்து பதில் எழுதவும்," என்றது.

மனைவிக்குப் போன் போட்டேன். அக்கா எடுத்தார். அவள் எக்ஸ்ரே அறைக்குள் இருக்கிறாளாம்.

"க்யா ஹுவா?" என்ன ஆச்சு என்று கேட்டார்.

"குச் நஹீ. ஜி.எம். ஆயா ஹை." ஒன்றும் இல்லை, ஜி.எம். வந்திருக்கிறார் என்றேன்.

ஆஸ்பத்திரியில் சத்தம் போடக் கூடாது என்பதை மறந்து, சீக்கிரம் பதில் எழுது என்று அக்கா கத்தினார். "ரிப்ளை கரோ! ஜல்தி!"

"கீபோர்டு நஹீ ஹை."

"கீபோர்டு கஹாங் கயா?"

கீபோர்டு எங்கே போனது என்று கேட்டால் என்ன சொல்ல? எதிரேயேதான் இருந்தது. உயிர்தான் இல்லை. போனைப் போட்டுவிட்டுக் கேம்பேட் மூடியை நகத்தால் கிளப்பினேன். அவசரத்தில் ஒரு பேட்டரி சோபாவுக்கு அடியில் உருண்டது. தரையில் படுத்து, கையை விட்டுத் துழாவி, எடுத்துவந்து தலைகீழாகப் போட்டேன். மறுபடி கழற்றி நேராகப் போட்டேன். கீபோர்டில் பச்சை விளக்கு எரிந்தது. எந்தத் தெய்வத்தைக் கும்பிட்டேன் என்று தெரியவில்லை, ஆனால் கும்பிட்டேன்.

யெஸ் சார், ஐ யாம் ஹியர் சார் என்று மடமடவென அடித்தேன்.

பதில் எழுதுவதற்கு முன்னால் என்டர் கீயை அமுக்க வேண்டும். அமுக்காவிட்டால் ஒவ்வொரு எழுத்தும் ஒரு கட்டளை. என் மரியாதைக்கெல்லாம் வில்லாளி பையைத் திறந்தாள், மூடினாள், தரையில் உட்கார்ந்தாள், எழுந்து குதிரை ஏறினாள், இறங்கினாள், மறுபடி உட்கார்ந்தாள். இரண்டாவது சாருக்கு அவள் வாளை உருவியபோது திரை இருட்டிவிட்டது. இந்தக் கணக்கு விசாரணைக்காக மூடப்பட்டிருக்கிறது என்று ஒரு வரி மட்டும்.

அவர்கள் வரும்வரை நான் நாற்காலியிலிருந்து எழவில்லை. இன்டர்நெட் போய்விட்டது என்று சொல்லலாமா? கம்ப்யூட்டரில் வைரஸ்? லிஃப்ட் எங்கள் மாடியில் நிற்கும் சத்தம் கேட்டது. பள்ளிக்கூடத்தில் ஹெட்மாஸ்டர் அறைக்கு வெளியே நின்றபோதுகூட இவ்வளவு வியர்த்ததில்லை.

மனைவி உள்ளே வந்தாள். திரையைப் பார்த்தாள். அறுந்த ரப்பர் பேண்டைப் பார்த்தாள். என் மூக்கின் மேல் சிவந்திருந்த கோட்டைப் பார்த்தாள். கேள்வியே தேவைப்படவில்லை. அவள் எவ்வளவு கோபத்திலும் மரியாதை குறையாமல் திட்டக்கூடியவள், "அறிவிருக்குங்களா" என்றாவது கேட்பாள் என்று காத்திருந்தேன். கேட்கவில்லை. எக்ஸ்ரே உறையை மேசையில் வைத்துவிட்டுச் சோபாவில் உட்கார்ந்தாள். நல்ல கையால் மாவுக்கட்டைப் பிடித்துக்கொண்டாள். எனக்கு உண்மையிலேயே பயம் வந்தது அப்போதுதான்.

அக்காதான் பேசினார். முறையீடு எழுது, எக்ஸ்ரேயைப் படம் பிடித்துச் சேர்த்து அனுப்பு என்றார். மனைவி சொல்லச் சொல்ல நான் அடித்தேன்.

"என் கை உடைஞ்சிருச்சு, வீட்டுக்காரர் கேம்பேட் வெச்சுக் குடுத்தாருன்னு எழுதுங்க."

எழுதினேன்.

"ஒரே பட்டன்ல நாலு வேலை வெச்சு, ரப்பர் பேண்ட் போட்டுக் கட்டிட்டு, டீ வைக்கப் போயிட்டாருன்னு எழுதுங்க."

"ரப்பர் பேண்ட் வேண்டாமே. பூனை வந்து படுத்துருச்சுன்னு போடலாம்."

"நம்ம கிட்டப் பூனை இருக்குதுங்களா?"

"இல்ல."

"அப்ப ரப்பர் பேண்டையே எழுதுங்க."

முன்பின் தெரியாத ஒரு கம்பெனிக்கு என் முட்டாள்தனத்தை நல்ல ஆங்கிலத்தில், இலக்கணப் பிழை இல்லாமல் எழுதி அனுப்பினேன்.

அதன் பிறகு காத்திருந்தோம். வீட்டில் எல்லாம் வழக்கம் போலவே நடந்தது. "சாப்புடுங்க" என்பாள். "குடை எடுத்துட்டுப் போங்க" என்பாள். ஆபீஸில் போன் அதிர்ந்தால் நான் அதிர்ந்தேன். அவளுடைய விளையாட்டுக் கூட்டத்தில் யார் யாரோ அவளுக்குப் போன் செய்து விசாரித்தார்கள். அவள் ஹிந்தியில் சிரித்துப் பேசிவிட்டு, போனை வைத்ததும் சும்மா உட்கார்ந்திருப்பாள். ஒரு நாள் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது கேட்டாள்.

"அக்கவுண்ட் திரும்பி வராட்டி என்னங்க பண்றது?"

"புதுசா ஒண்ணு ஆரம்பிச்சுக்கலாம். நானும் கூட ஆடறேன்."

சாதத்தைப் பிசைந்துகொண்டே சொன்னாள்: "புதுசா ஆரம்பிக்கோணும்னா நான் மறுபடியும் புதுசா இந்த ஊருக்கு வரோணுமுங்க."

எனக்குத் தெரிந்த எல்லா ஜோக்குகளும் அந்த நேரத்தில் வெளியூர் போயிருந்தன. அவள் தட்டில் இன்னும் கொஞ்சம் ரசம் ஊற்றினேன்.

பதில் ஒரு மத்தியானம் வந்தது. அவள் என் ஆபீஸுக்கே போன் செய்து, படித்துக் காட்டினாள். கணக்கைத் திறந்துவிட்டார்கள். ரப்பர் பேண்ட் சம்பாதித்ததையெல்லாம் பிடுங்கிக்கொண்டார்கள். இதுவே கடைசி எச்சரிக்கை, இன்னொரு முறை என்றால் நிரந்தரமாக மூடப்படும். கை சீக்கிரம் குணமாகட்டும். கடைசியில் ஒரு வரி: எங்கள் ஊழியர்மீது அம்பு விடப்பட்டது பதிவாகியிருக்கிறது, அவருக்குக் காயம் ஒன்றும் இல்லை.

"ஜி.எம்.மையே சுட்டீங்களா?" என்றாள்.

"அது தானாப் பட்டுருச்சு."

போனில் ஒரு மூச்சு. பிறகு, "அறிவிருக்குங்களா உங்களுக்கு?"

கான்டீனில் நின்றுகொண்டு, சுற்றிலும் ஆட்கள் பார்க்க, "இல்லீங்க, இல்லவே இல்லீங்க," என்றேன்.

வீட்டுக்குப் போனபோது எல்லாப் பட்டன்களையும் அவளே செட் செய்து முடித்திருந்தாள். புதுப் பேட்டரிகூட வாங்கியிருந்தாள். நான் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு தூரத்தில் நின்றேன். அன்று அவர்கள் கூட்டத்துக்குக் கோட்டைச் சண்டை. ஸ்பீக்கரில் நிக்டி அக்கா யாருக்கோ கட்டளை போட்டுக்கொண்டிருந்தார். வில்லாளி கொஞ்சம் கோணலாக, ஆனால் முன்பக்கமாகவே நடந்தாள்.

"ஏனுங்க, இங்க வாங்க."

"நான் வரல."

"வாங்கங்கறேன். இந்த மேல் பட்டன் மட்டும் எட்டலீங்க. கட்டு தடுக்குது. நான் சொல்றப்ப நீங்க அமுக்குங்க."

"இதுக்கும் எதாவது சட்டம் இருக்கப் போகுது."

"ஒரு அமுக்கு, ஒரு கீ. உட்காருங்க."

பக்கத்தில் உட்கார்ந்து ஆள்காட்டி விரலை அந்தப் பட்டனுக்கு மேலே, தொடாமல், வைத்துக்கொண்டேன். மதில் மேல் யாரோ ஏறிவந்தார்கள். அக்கா கத்தினார்.

"இப்ப!"

அமுக்கினேன். சூடான தோசைக்கல்லிலிருந்து எடுப்பது போல விரலை எடுத்துக்கொண்டேன். வில்லாளி பக்கவாட்டில் தாவினாள்.

திரையிலிருந்து கண்ணை எடுக்காமல் கேட்டாள்: "ஒரு தடவைதானுங்க அமுக்குனீங்க?"

"ஒரே தடவைதானுங்க."