அண்ணனுக்கு வராத வெள்ளைப் பூ

எங்கள் அண்ணன் அவர்களின் முதலாண்டு நினைவு நாளுக்கு வந்திருக்கும் உறவினர்களுக்கும் நண்பர்களுக்கும் வணக்கம். இலை போட்டாயிற்று. முதலில் சாப்பிட்டுவிடுங்கள். இந்தக் கட்டுரையை வீட்டுக்குக் கொண்டுபோய்ப் படியுங்கள். படித்துவிட்டுப் பந்தியில் உட்கார்ந்தால் உங்களில் சிலருக்குச் சோறு இறங்காது, சமைத்தது வீணாகிவிடும்.

அச்சுக் கோத்தவர் இரண்டு முறை ஆளனுப்பிக் கேட்டார், இப்படியே அடிக்கலாமா, ஏதாவது மாற்ற வேண்டுமா என்று. நினைவு மலருக்கு எப்படி எழுத வேண்டும் என்பது எனக்குத் தெரியாததல்ல. பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளுக்குக் கட்டுரை எழுதச் சொல்லிக்கொடுக்கிறவள் நான். "சொந்த மண்ணின்மீது கொண்ட பற்றினால் இலங்கையில் இருந்த நல்ல தொழிலை உதறிவிட்டுத் தாய்நாட்டிலேயே தங்கிவிட்டார்" என்று சித்தப்பா ஒரு வாக்கியம் எழுதிக் கொடுத்தனுப்பினார். அதை அவசியம் சேர்க்க வேண்டுமாம். சேர்த்துவிட்டேன். ஆனால் அது பொய்.

அண்ணன் பிறந்தது ராசிங்காபுரத்தில். அவருக்குப் பன்னிரண்டு ஆண்டுகள் கழித்து நான் பிறந்தேன். இடையில் பிறந்தவை எதுவும் தங்கவில்லை. எனக்கு மூன்று வயதாகும்போது அம்மா காலமானார். போடிமெட்டுக்கு அப்பால் மலைச்சரிவில் எங்கள் குடும்பத்துக்கு ஒரு ஏலத்தோட்டம் இருந்தது. அப்பாவுக்கும் சித்தப்பாவுக்கும் அது பொது. எந்த வகையில் பொது என்றால், அப்பா மலையில் இருப்பார், சித்தப்பா போடியில் ஏலக்காய்க் கடையில் இருப்பார். மழைக்காலத்தில் அட்டை ஏறாமலிருக்க அப்பா காலில் புகையிலையும் சுண்ணாம்பும் பூசிக்கொண்டு ஆட்களோடு காய் எடுக்க இறங்குவார். கடை மெத்தையில் சாய்ந்திருக்கும் சித்தப்பா, வந்த காயைக் கையில் அள்ளிப் பார்த்து, "இந்தத் தடவை காய் சிறுத்துப் போச்சு" என்பார். நான் வளர்ந்தது சித்தப்பா வீட்டில்தான். எனக்குச் சோறு போட்டார்கள். அதை நான் மறக்கவில்லை. மறக்க அவர்கள் விட்டதும் இல்லை.

அண்ணன் பதினான்கு வயதில் ஊர்க்காரர் ஒருவரோடு தனுஷ்கோடியில் கப்பலேறினார். கண்டிக்கு மேலே, தேயிலைத் தோட்டங்களுக்கு நடுவே ஒரு சிறு ஊரில் பலசரக்குக் கடையில் மூட்டை தூக்கச் சேர்ந்தார். பிறகு சாமான் நிறுத்துக் கொடுத்தார், பிறகு கொள்முதலுக்குப் போனார், பிறகு கடையே அவர் பொறுப்பில் வந்தது. பதினேழு ஆண்டுகள். அந்தக் கடை முதலாளி நம் பக்கத்து மனிதர், பிள்ளையில்லாதவர். பக்கத்து ஊரில் இரண்டாவது கடை திறப்பதென்றும், அதை அண்ணன் பெயரிலேயே நடத்துவதென்றும் முடிவு செய்திருந்தார். பெயர்ப்பலகை எழுதக் கொடுத்திருந்த சமயத்தில்தான் அப்பா இறந்த தந்தி போயிற்று.

அண்ணன் வந்தார். காரியங்கள் முடிந்தன. அவரிடம் ஒரு அனுமதிக் காகிதம் இருந்தது. குறித்த நாளுக்குள் இலங்கைக்குத் திரும்பிவிட வேண்டும், நாள் தப்பினால் மறுபடி உள்ளே விடமாட்டார்கள். அங்கே நம்மவர்கள் விஷயத்தில் சட்டங்கள் இறுகிக்கொண்டே வந்த காலம் அது. போக வேண்டாமென்று சித்தப்பா சொன்னது அத்தனையும் பொய் என்று சொல்லமாட்டேன். அங்கே இருப்பு நிச்சயமில்லை என்பது உண்மைதான். அது அண்ணனுக்கும் தெரியும். தெரிந்துதான் அவர் போக நினைத்தார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் சித்தப்பா வீட்டில் உறவினர்கள் கூடினீர்கள். இந்த மலரைக் கையில் வைத்திருப்பவர்களில் பாதிப்பேர் அன்று அங்கே இருந்தீர்கள், காப்பியும் குடித்தீர்கள்.

"அங்கிட்டு என்னத்தைக் கண்டே அப்பு? இன்னைக்கோ நாளைக்கோ நம்ம ஆளுகளை எல்லாம் தொரத்தி விட்டுருவானுக. இங்க நம்ம மண்ணு, நம்ம சனம். மலையில ராசா கணக்கா இருக்கலாம்" என்றார் சித்தப்பா.

"அம்புட்டு ராசா சோலின்னா உங்க மகனை அனுப்புங்க சித்தப்பா. பட்டத்துக்கு உரியவன் அவன்தானே?" என்றார் அண்ணன்.

யாரும் சிரிக்கவில்லை. நான் மட்டும் சிரித்தேன், சித்தி முறைத்தார். சித்தப்பாவின் மகன் அப்போது மதுரையில் கல்லூரியில் படித்துக்கொண்டிருந்தார். அவருக்கு மலைக்குளிர் ஒத்துக்கொள்ளாதாம். சித்தப்பாவுக்கு மூட்டுவலி. ஆக, அட்டைக்கடிக்கும் காய்ச்சலுக்கும் தோதான உடம்பு நம் குடும்பத்தில் அண்ணனுக்கு மட்டும்தான் இருந்தது. 'சொந்த மண்' என்று நீங்கள் ஆளுக்கொரு முறை சொன்னீர்கள். அந்த மண்ணை மிதித்துப் பார்த்தவர் உங்களில் ஒருவர் உண்டா?

அன்று மாலை அண்ணன் என்னிடம் தனியாகப் பேசினார். "அங்க கடைக்கு வர்றவன் என்னைய என் பேரைச் சொல்லிக் கூப்பிடுறான் தாயி. இங்க முப்பத்தியொரு வயசுலயும் இன்னார் மகன், இன்னார் அண்ணன் மகன். அம்புட்டுத்தான் வித்தியாசம். ஆனா அதுவே எனக்குப் பெருசா இருக்கு. நீ மதுரைக்குப் படிக்கப் போ. நான் அங்கிருந்து பாத்துக்கிறேன்."

எனக்கு மதுரையில் ஆசிரியப் பயிற்சிக்கு இடம் கிடைத்திருந்தது. அண்ணனுக்குத் தெரியாத இன்னொரு செய்தி எனக்குத் தெரிந்திருந்தது. முந்தைய வாரம் சித்தி என்னை அடுப்படியில் நிறுத்தி, "ஒங்கண்ணன் கப்பலேறட்டும், தையில ஒனக்குக் கல்யாணம். எந்தம்பி காத்துக்கிட்டிருக்கான்" என்று சொல்லியிருந்தார். அந்தத் தம்பி மனைவியை இழந்தவர், இரண்டு பிள்ளைகளுக்குத் தகப்பனார். எனக்குப் பத்தொன்பது வயது. இதை ஏன் அண்ணனிடம் சொல்லவில்லை என்று கேட்பீர்கள். சொன்னால் அவர் எனக்காகப் போகாமல் இருந்துவிடுவார் என்பதால் சொல்லவில்லை என்று பல நாள் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அது முழு உண்மையா என்பதை மேலே படித்துத் தெரிந்துகொள்ளுங்கள்.

பேச்சில் முடியவில்லை என்றதும், சாமியிடம் பூக்கட்டிப் பார்த்துவிடலாம் என்றார் சித்தப்பா. அண்ணன் ஒப்புக்கொண்டார். அவர் வியாபாரி, எதிரில் இருப்பவர் சரக்கை நிறுத்துப் பார்க்காமல் வாங்காதவர். ஆனால் குலதெய்வத்தின் முன்னால் கட்டிய பொட்டலத்தைச் சந்தேகப்பட அவருக்குத் தோன்றவில்லை. நம் குடும்பத்தில் யாருக்குத்தான் தோன்றும்?

ராசிங்காபுரம் கோயிலில் வைத்துக் கட்டினார்கள். வெள்ளை அரளி வந்தால் கப்பல், செவ்வரளி வந்தால் மலை. பூசாரி கட்டுவதுதான் வழக்கம். அன்று சித்தப்பா, "நானே கட்டுறேன், எங்கண்ணன் மகன் விசயம்" என்று சொல்லி, சித்தியைப் பூப்பறித்துக் கொடுக்கச் சொல்லி வாங்கி, உள்ளே போய் இலையில் மடித்து வாழைநாரால் கட்டிக்கொண்டு வந்தார். இரண்டு பொட்டலத்தையும் சாமி காலடியில் உருட்டிவிட்டார் பூசாரி. கூட்டத்தில் நின்ற ஒரு சின்னப் பெண் ஒன்றை எடுத்துக் கொடுத்தது. பிரித்தார்கள். சிவப்பு.

அண்ணன் முகத்தை நான் பார்த்தேன். கையெடுத்துக் கும்பிட்டார், விபூதி பூசிக்கொண்டார். உங்களில் ஒருவர் குலவையிடச் சொன்னார்.

எடுக்காத பொட்டலத்தைப் பிரிக்கக்கூடாது என்பது நம் வழக்கம். சாமி வேண்டாம் என்று ஒதுக்கியதைக் கண்ணால் பார்த்தால் குடும்பத்துக்கு ஆகாது, அப்படியே கிணற்றில் போட்டுவிட வேண்டும். அதை என் கையில் கொடுத்தனுப்பினார் பூசாரி. கோயிலுக்குப் பின்னால் கிணற்றடியில் நின்று நான் நாரை அவிழ்த்தேன். ஏன் அவிழ்த்தேன் என்று இன்றும் சொல்லத் தெரியவில்லை. உள்ளே இருந்ததும் செவ்வரளி.

மறுபடி மடித்துக் கட்டிக் கிணற்றில் போட்டேன். திரும்பி வரும்போது அண்ணன் கோயில் படியில் நின்றிருந்தார்.

"போட்டுட்டியா தாயி?"

"போட்டுட்டேண்ணே."

"வேற ஒண்ணும் இல்லையே?"

"ஒண்ணும் இல்லண்ணே."

உள்ளே போய்ச் சித்தப்பாவின் சட்டையைப் பிடித்திருக்க வேண்டியவள் நான். பேசாமல் போய்ப் பொங்கல் வாங்கித் தின்றேன். அண்ணன் இங்கேயே இருந்தால் தை மாதத்துக் கல்யாணம் நடக்காது என்று எனக்குத் தெரியும்.

அண்ணன் முதலில் செய்தது என்னை மதுரைக்கு அனுப்பியதுதான். சித்தி ஏதோ சொல்ல வந்தபோது, "அவ படிக்கட்டும்" என்று ஒரே வார்த்தையில் முடித்துவிட்டார். பிறகு மலையேறினார். காகிதத்தில் குறித்த நாள் கடந்து போயிற்று. கடை முதலாளியிடமிருந்து ஒரு கடிதம் வந்தது: "பலகை எழுதிக் காய்ந்துவிட்டது தம்பி. நீ வந்துதான் மாட்ட வேண்டும் என்று சுவரில் சாத்தி வைத்திருக்கிறேன்." அண்ணன் அதற்குப் பதில் எழுதியதாக எனக்குத் தெரியவில்லை.

நான்கு மழைக்காலம் அவர் அந்த மலையில் இருந்தார். சரிந்து கிடந்த, ஏலக்காய் உலர்த்தும் ஸ்டோரைத் திரும்பக் கட்டினார். ஆட்களுக்குக் கம்பளியும் மருந்தும் அவரே கொண்டுபோய்க் கொடுத்தார். இடையில் மொழிவாரி மாநிலங்கள் பிரிந்து, தோட்டம் இருந்த பக்கம் கேரளத்துக்கு என்று உறுதியாயிற்று. அடுத்தவன் நாடு வேண்டாம், நம் மண்ணிலேயே இரு என்று சொல்லி நிறுத்தினீர்களே, அந்த மண்ணிலிருந்து காய் மூட்டையோடு இறங்கும்போதெல்லாம் சோதனைச் சாவடியில் அண்ணன் காத்துக்கிடந்தார். இதைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பார். எனக்குச் சிரிப்பு வந்ததில்லை. அவர் கல்யாணத்தைப் பற்றி நீங்கள் யாரும் பேச்செடுக்கவில்லை. மலையில் கிடப்பவனுக்கு யார் பெண் கொடுப்பார்கள் என்றீர்கள். மலையில் கிடத்தியது யார்?

சென்ற ஆண்டு மழையில் அண்ணனுக்கு விஷக்காய்ச்சல் கண்டது. போடிமெட்டுக்குக் கீழே மண் சரிந்து சாலை மூடிவிட்டது. சித்தப்பா மகனின் புது ஜீப்பு அடிவாரத்தில் முந்தல்வரை வந்து நின்றது. அங்கிருந்து சரிவுவரை பாதி வழி வண்டி போகும். ஆனால் சகதியில் ஏற்றினால் வண்டி கெட்டுவிடுமாம். தோட்டத்து ஆட்கள் நான்கு பேர், கம்பளியைக் கம்பில் தொட்டிலாகக் கட்டி, அண்ணனைத் தோளிலேயே சுமந்து இறக்கினார்கள். ஆறு நாள் போடியில் என் வாடகை வீட்டில் இருந்தார்.

ஐந்தாம் நாள் மத்தியானம் காய்ச்சல் சற்றுத் தணிந்திருந்தது. நான் கஞ்சி ஆற்றிக்கொண்டிருந்தேன்.

"தாயி, அன்னைக்குக் கெணத்தடியில நீ பொட்டலத்தைப் பிரிச்சே."

கிண்ணத்தைக் கீழே வைத்தேன். "பாத்தீங்களாண்ணே?"

"கால் கழுவ வந்தேன். செவப்பு எனக்கும் தெரிஞ்சுச்சு. படியில வந்து நின்னேன், நீ சொல்லுவேன்னு. கேட்டும் பாத்தேன்."

"தெரிஞ்சும் ஏண்ணே போகல? அத்தனை பேரையும் நிக்க வச்சுக் கேட்டிருக்கலாம்ல?"

"கேட்டிருக்கலாம். ஆனா நீ மறைச்சேயில்ல. எந்தங்கச்சி எங்கிட்ட ஒண்ணை மறைக்கிறான்னா, அவளுக்கு இங்க என்னமோ பயம் இருக்குன்னு நெனச்சேன். ஒன்னை அப்பிடியே விட்டுட்டு எங்கிட்டுப் போறது?"

எனக்கு அழுகை வரவில்லை. கோபம்தான் வந்தது. என்ன பயம் என்று ஒரு வார்த்தை கேட்டிருக்கக் கூடாதா? கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன், என்னை மதுரையில் சேர்த்துவிட்டு அவர் கப்பலேறியிருக்கலாம். நாள் அப்போது பாக்கி இருந்தது. "நீயே சொல்லணும்னு இருந்தேன் தாயி" என்றார். நான் சொல்ல வாயெடுத்தேன். "அப்பறம் சொல்லு. மொதல்ல கஞ்சியைக் கொண்டா" என்றார். பாதிக் கிண்ணம் குடித்தார், தூங்கினார். மறுநாள் காலையில் காலமானார். அவருக்கு வயது முப்பத்தைந்து.

இனி, நன்றி சொல்ல வேண்டியவர்களுக்குச் சொல்கிறேன். அண்ணனைச் சுமந்து இறக்கிய நான்கு பேருக்கும் அவர்கள் வீட்டாருக்கும் என் வணக்கம். இன்றைய முதல் பந்தி அவர்களுக்கு. போடிமெட்டில் டீக்கடை வைத்திருக்கும் மலையாளத்துச் சேட்டன், மழையில் நனைந்த அண்ணனைத் தன் கம்பளியால் போர்த்தி அனுப்பினார். திருப்பிக் கொடுக்க ஆளனுப்பியபோது, "அது அவன்றெ கூடெ போகட்டே" என்று சொல்லிவிட்டாராம். அவருக்கு நன்றி. பலகையைச் சுவரில் சாத்தி வைத்துக் காத்திருந்த இலங்கை முதலாளிக்கு நன்றி. முந்தல்வரை வந்த ஜீப்புக்கு நன்றி. மெனக்கெட்டுத் தம் கையாலேயே பூக்கட்டிய சித்தப்பா அவர்களுக்கும், ஒரே நிறத்தில் பூப்பறித்துக் கொடுத்த சித்தி அவர்களுக்கும் நம் குடும்பம் கடமைப்பட்டிருக்கிறது. நீங்கள் செய்ததை நான் மன்னிக்கவில்லை, மன்னிக்கப் போவதும் இல்லை. ஆனால் நீங்கள் கட்டியது பொட்டலத்தை மட்டும்தான். அண்ணனை மலையில் கட்டிப்போட்டது நான்.

படியில் நின்று அவர் கேட்ட கேள்விக்கு நான் இன்னும் பதில் சொல்லவில்லை. உங்கள் அத்தனை பேர் முன்னாலும் இப்போது சொல்கிறேன்.

அண்ணே, அதுவும் செவப்புத்தாண்ணே. எனக்குத் தையில கல்யாணம் வச்சிருந்தாங்க. பயந்துக்கிட்டுச் சொல்லாம இருந்துட்டேன். நீங்க போங்கண்ணே.

— தங்கை