மஞ்சள் தடவிய மெனு

லேத்தில் இரும்பு சூடாகாமல் இருக்க ஊற்றும் கூலன்ட் எண்ணெயின் வாசனை மூக்கில் ஏறினால் போதும். சுட்ட இரும்பின் மேல் பால் பொங்கிக் கருகிய மாதிரி, கொஞ்சம் புளிப்பு, கொஞ்சம் துரு. இப்போதும் லேத் பட்டறை எதையாவது கடக்கும்போது கால் தானாக நிற்கிறது. உடனே பாகலூர் ரோடு, உடனே அந்த இரண்டு ஷெட், உடனே அந்த முப்பத்தோரு பட்டன்கள்.

ஓசூர் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால், ஒரு ஜெராக்ஸ் கடையின் மாடியில் நான் வெப்சைட் செய்து கொடுத்துக்கொண்டிருந்த காலம். இரண்டாயிரம் பிறந்து சில வருஷம் ஆகியிருக்கும். வெப்சைட் என்றால் என்ன என்று கேட்பவரும், இன்னுமா வெப்சைட் இல்லை என்று கேட்பவரும் ஒரே டீக்கடையில் தோளுரசி நின்றார்கள். நான் இருவருக்கும் நடுவில் நின்று டீ குடித்தேன்.

ஒரு நாள் அண்ணன் தம்பி இரண்டு பேர் படியேறி வந்தார்கள். சொந்த நிலத்தின் ஓரத்தில் ஆளுக்கொரு ஷெட் போட்டு, மோட்டார் வண்டிகளுக்கான பின், புஷ் என்ற சின்ன இரும்பு உருளைகளைக் கடைந்து கொடுப்பவர்கள். அண்ணன் ஷெட்டில் வேலை இருந்தது. தம்பி ஷெட்டில் ஆறு லேத்தும் துணி போர்த்திப் படுத்திருந்தன. பெங்களூர் கம்பெனி ஒன்று பின் கடைய ஆள் தேடியது. அதன் பர்ச்சேஸ் மேனேஜர், முதலில் உங்கள் வெப்சைட்டைப் பார்க்கிறேன், பிடித்தால் நேரில் வருகிறேன் என்று சொல்லியிருந்தார். அந்த ஆர்டர் வந்தால் தம்பி ஷெட் ஓடும். வராவிட்டால் மாதக் கடைசியில் பூட்டு.

அண்ணன் ஒரு கல்யாணப் பத்திரிகையை எடுத்து என் மேஜைமேல் வைத்தார். அவர் மகளுடையது.

"ஏம்மா, மேல ஒரு மெனு வரும்னு சொன்னியே, அத இந்த வரிசைல போட்டுரு. ஒரு ஆளு வுடக்கூடாது."

வருகிறவர் தேடும் பொருளுக்கு வழி காட்டுவதுதான் மெனு என்றேன். பத்திரிகையும் மண்டபத்துக்கு வழிதானே காட்டுகிறது என்றார். பேனாவை எடுத்து வரிசையை எழுதிக்கொண்டேன்.

முதல் பட்டன், காலஞ்சென்ற அப்பா. பிறகு அம்மா, அண்ணன், தம்பி, தாய்மாமன், சம்பந்திகள் இருவர், குலதெய்வக் கோயில், முதன்முதலாக வாங்கிய லேத், ஆயுத பூஜை. பொருட்களுக்கு இருபத்தாறாவது இடம். தொடர்புக்கு என்ற பட்டன் கடைசி. பத்திரிகையில் போன் நம்பர் அடியில்தானே இருக்கும்.

நான் கெட்டிக்காரத்தனமாக ஒன்று சொன்னேன். "எங்கள் குடும்பம்னு ஒரே பட்டன் வெச்சிடலாம் சார். மவுஸை அதுமேல கொண்டுபோனா எல்லாரும் கீழ எறங்கி வருவாங்க."

"கீழயா?" அண்ணன் நாற்காலியிலிருந்து எழுந்தே விட்டார். "மாமன் கீழ நிப்பாரா? அதுவும் ஒளிஞ்சி நிக்கணும், எவனாவது தொட்டாத்தான் வெளிய வரணும். அப்பிடித்தானே?"

தம்பி சிரித்தார். ஆனால் தன் ஷெட்டின் பட்டன் அண்ணன் ஷெட்டின் பட்டனுக்கு இடப்பக்கம், அதாவது முன்னால், வரவேண்டும் என்று அவரும் பிடிவாதம் பிடித்தார். என்னிடம் தமிழில் மரியாதையாகப் பேசிவிட்டு, எனக்குப் புரியாது என்ற நம்பிக்கையில் தெலுங்கில் சண்டை போட்டார்கள். ஓசூரில் தெலுங்குச் சண்டை புரியாதவர் யார். நான் கணினித் திரையைப் பார்த்து முகத்தைக் காப்பாற்றிக்கொண்டேன்.

அன்றைய சின்னத் திரையில் முப்பத்தோரு பட்டன்களும் நான்கு வரிசையாக நின்றன. மெனு முடிந்த இடத்தில் திரையும் முடிந்தது. அண்ணனுக்குக் கண் கலங்கியது. கீழே ஜெராக்ஸ் கடைக்கு இறங்கிப்போய் முகப்புப் பக்கத்தை அறுபது காப்பி அச்செடுத்தார். நான்கு மூலையிலும் மஞ்சள் தடவி, வெற்றிலை பாக்கோடு சொந்தக்காரர் வீடு வீடாகக் கொடுத்துவிட்டு வந்தார். தாய்மாமன் தன் பட்டனைக் கண்ணாடி போட்டுப் பார்த்துச் சந்தோஷப்பட்டாராம்.

அடுத்த வாரம் மெஷின்களைப் படம் எடுக்க ஷெட்டுக்குப் போயிருந்தேன். தம்பியின் போன் அடித்தது, பெங்களூர் மேனேஜர். அங்கே ஷெட்டுக்குள் நின்றால் கர்நாடகா டவர், ரோமிங் காசு. தண்ணீர்த் தொட்டியின் மேல் ஏறினால்தான் தமிழ்நாடு. தம்பி தொட்டிமேல் நின்று ஸ்பீக்கரைப் போட்டார். நாங்கள் அண்ணாந்து கேட்டோம்.

"சார், அரை மணி நேரமா தேடறேன். உங்க அப்பாவைப் பாத்தேன். மாமாவைப் பாத்தேன். பூசணிக்கா ஒடைக்கறதப் பாத்தேன். பின் எங்க சார்?"

"இருக்குது சார். இருபத்தாறாவது..."

"நாளைக்குக் காலைல பத்து மணிக்கு இன்னொரு தடவ பாக்கறேன். இல்லைன்னா வேற ஆளப் பாத்துக்கறேன். தப்பா நெனைக்காதீங்க."

தம்பி தொட்டியிலிருந்து இறங்க வெகுநேரம் ஆயிற்று.

"இப்ப மாத்த முடியாது," என்றார் அண்ணன். "பத்திரிகை குடுத்தாச்சு."

அங்கே தரம் பார்க்கிற வேலையில் திருநெல்வேலிக்காரர் ஒருவர் இருந்தார். மைக்ரோமீட்டரைத் துடைத்தபடியே சொன்னார்: "அண்ணாச்சி, நம்ம டூல் ரேக்குல யாரு பேர எழுதி வச்சிருக்கியோ? எட்டு எம்எம், பத்து எம்எம்னுதான எழுதியிருக்கு. மாமா பேர எழுதி வச்சா நான் டிரில்ல எங்க போய்த் தேடுவேன்?"

அண்ணன் அவரை முறைத்தார். நான் தம்பியை ஆபீஸ் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார வைத்தேன். "நீங்கதான் பெங்களூர்க்காரர். பன்னெண்டு எம்எம் பின்னோட டிராயிங்கை எடுங்க."

தம்பி முதலில் தன் பெயரைத்தான் தட்டினார். மாலையோடு அவரே வந்தார். பிறகு அண்ணன் வந்தார், குலதெய்வம் வந்தது, ஒரு சம்பந்தி இரண்டு முறை வந்தார். மவுஸ் பிடிக்க அவருக்கு அரைகுறையாகத்தான் வரும். அவர் ஷெட்டில் அவர் கடைந்த பின், அவர் பணத்தில் செய்த வெப்சைட்டில் அவருக்கே அகப்படவில்லை. அண்ணன் பின்னால் நின்று முதலில் வாய்க்குள் சிரித்தார். பிறகு சிரிப்பு நின்றுவிட்டது.

தம்பி மவுஸை விட்டார். இந்த முறை தமிழில் சொன்னார். "மேடம், மொதல்ல எம்பேர எடுத்துடுங்க."

அண்ணன் துணி போர்த்திய லேத்துகளைத் திரும்பிப் பார்த்தார். "இவம்பேரு இல்லாத எடத்துல எம்பேரு என்னாத்துக்கு? என்னுதும் எடு." மறுபடி, "அப்பா மட்டும் இருக்கட்டும்."

"அப்பா பின் கடையலயே அண்ணாச்சி," என்றார் திருநெல்வேலிக்காரர்.

அப்பாவை ‘எங்களைப் பற்றி’ என்ற பட்டனுக்குள் பத்திரமாக வைத்தேன். மற்ற எல்லாரும் அவருக்குப் பின்னால் வரிசையாக. மேலே ஆறே பட்டன்கள்: முகப்பு, பொருட்கள், இயந்திரங்கள், தரச் சோதனை, எங்களைப் பற்றி, தொடர்புக்கு. மாமாவுக்கு என்ன சொல்வது என்று கேட்டேன். "அவருகிட்ட காகிதம் இருக்குதில்ல? அதுல அவரு அப்பிடியேதான் இருப்பாரு. உன் கம்ப்யூட்டர அவரு எங்க பாக்கப் போறாரு," என்றார் அண்ணன். பிறகு வந்த பல வருஷங்கள் அந்த ஆறு ஏழாகாமல் நான் காவல் இருந்தேன். எத்தனை பேரன்கள் பிறந்தார்கள், எத்தனை பட்டன் கேட்டார்கள்!

மறுநாள் பத்தேகாலுக்குத் தொட்டிமேல் போன் வந்தது. மதியம் மேனேஜரே வந்தார். பையிலிருந்து தன் சொந்த மைக்ரோமீட்டரை எடுத்துப் பின்களை ஒவ்வொன்றாக அளந்தார். மேனேஜர் கையைத் துடைத்துக்கொண்டு, சாம்பிள் ஐம்பது கொடுங்கள், அது சரியாக இருந்தால் மாதா மாதம் என்றார். ஜீப் கிளம்பும்போது நாங்கள் எல்லாரும் கேட் அருகில் நின்றோம்.

"திங்கக்கிழமை சாம்பிள் வந்துடணும் சார்."

"ஞாயித்துக்கெழமையே கொண்டாந்துர்றேன் சார்," என்றார் தம்பி.

"ஞாயித்துக்கிழமை எங்க கேட் பூட்டியிருக்கும்."

"பரவால்ல சார். தொறக்கற வரைக்கும் வெளியவே நிக்கறேன்."