தோற்றவரிடம் விசாரித்தோம்

தொண்ணூறுகளில், அமெச்சூர் குத்துச்சண்டையில் பதக்கங்கள் வென்றிருந்த என் மகன் தொழில்முறைக்கு மாறத் தீர்மானித்தான். போட்டிகளை ஏற்பாடு செய்யும் புரமோட்டர் ஒருவர் கோயம்புத்தூரில் எங்கள் வீட்டுக்கே வந்து, தாம் உருவாக்கிய வெற்றியாளர்களின் படங்களைப் பரப்பினார். பேராசிரியனான நான் ஒப்பந்தத்தைப் படித்துத் திருப்தியுற்றேன். என் மனைவி மட்டும் கேட்டாள்:

“தோத்தவங்க படம் இல்லீங்களா?”

“ஏனுங்கம்மா, பொண்ணா கட்டிக் குடுக்கறீங்க, இப்படி விசாரிக்க?” என்று அவர் சிரித்தார்.

“பொண்ணா இருந்தா, மாப்பிள்ளைகிட்ட கை நீட்டாதீங்கன்னு சொல்லி அனுப்பலாமுங்க. இவன் அடி வாங்கவே போறானுங்க.”

மகன் முகம் சுளித்தான். அவள் அசையவில்லை. விடாமல் விசாரித்து, அந்தப் புரமோட்டருக்காக ஆடித் தோற்ற ஒருவரை அவிநாசியில் கண்டுபிடித்தாள். மூவரும் போனோம்.

“மயங்கி விழுந்துட்டேனுங்க. ஆஸ்பத்திரியில கண்ணு முழிச்சப்ப அவரு இல்லீங்க. என்னை ஜெயிச்சவனோட புரமோட்டர்தான் பக்கத்துல உட்கார்ந்திருந்தாரு” என்றார் அவர்.

“அவரு வீடு எங்கீங்க?” என்று மகனே கேட்டான்.

அவரிடமே ஒப்பந்தமானான். தோற்ற நாள்களிலும் அவன் தனியாக வீடு திரும்பியதில்லை.

சென்ற மாதம், என் மனைவியின் கடைசி நாள்களில், ஆஸ்பத்திரியில் என் பக்கத்து நாற்காலியில் அவர்தான் உட்கார்ந்திருந்தார்.