மரத்துக்குள் இருந்த கம்பி

செயின்சா வாங்குவதில் என்னை யாரும் ஏமாற்ற முடியாது. விறகு வெட்டிப் பிழைப்பவன் நான். எஞ்சின் சத்தத்தை வைத்தே அது எத்தனை வருஷம் உழைக்கும் என்று சொல்லிவிடுவேன். அப்படிப் பார்த்து வாங்கிய புது மெஷினில் ஒரே வாரத்தில் மூன்று செயின் மழுங்கிவிட்டது. மறுநாள் ஈப்போ பிரியாணிக் கடைக்கு விறகு போயாக வேண்டும்.

செமோரில் மெஷின் வாங்கிய கடைக்குப் போய்க் கத்தினேன். "இது போலி சாமான் லா, அக்கா!"

கடைக்கார அக்கா செயின் பல்லைத் தடவிப் பார்த்தார். "இரும்புல பட்டிருக்கு அண்ணே. என்ன மரம் வெட்டுனீங்க?"

"நாங்க இருந்த தோட்டத்து ரப்பர் மரம்."

"மங்கு கட்டுன கம்பி உள்ள இருக்குமே, பாக்கலையா?"

பால் வடியும் மங்குக் கிண்ணத்தைத் தாங்க மரத்தைச் சுற்றிக் கம்பி கட்டுவார்கள். நாளாக ஆகப் பட்டை அதை மூடிவிடும். அந்த மரங்களில் பால் வெட்டியது என் அம்மா. சின்ன வயதில் அவள் கட்டுவதற்குக் கம்பியை நறுக்கிக் கொடுத்ததே நான்தான்.

அக்காவிடம் மன்னிப்புக் கேட்டேன்.

நல்ல மெஷின் எது என்று இன்றும் என்னைத்தான் கேட்கிறார்கள். சரியாகத்தான் சொல்கிறேன். ஆனால் வெட்டுமுன் பட்டை புடைத்திருக்கிறதா என்று தடவிப் பார்க்கிறேன். புடைத்த இடத்தைக் கொத்திக் கம்பியை எடுப்பேன். அம்மா கம்பியில் போட்ட முறுக்கு ஒன்றுகூட இன்னும் தளரவில்லை.