பொறுக்கிப் போட்ட கடலை எங்கே போகிறது?

இன்று மாலை ஜாசின் பஸ் நிலையத்துக்கு எதிரே இருக்கும் மளிகைக் கடையில், சட்னிக்காகக் கடலைப் பொடி வாங்கிக்கொண்டு நின்றேன்.

அப்போது சுகாதார இலாகாவிலிருந்து ஒரு பெண் வந்தாள். நிலக்கடலையில் பூஞ்சை நஞ்சு இருக்கிறதா என்று சோதிக்கக் கொஞ்சம் கடலை வேண்டுமாம்.

"நல்ல கச்சானா பாத்துத் தரேம்மா" என்றார் கடைக்கார அண்ணன். முறத்தில் கொட்டி, சுருங்கியதையும் கறுத்ததையும் ஒதுக்கி, திரண்டதை மட்டும் விருந்தாளிக்குக் கொடுப்பதுபோல் நீட்டினார்.

"அண்ணே, இது அழகுப் போட்டி இல்லலா! பொறுக்காம வேணும். மூட்டையில மேல, நடுவுல, அடியில, எல்லா இடத்துலயும் எடுக்கணும்."

எனக்கு ஆர்வம் தாங்கவில்லை. "வறுத்தா அந்த நஞ்சு போயிடாதா தங்கச்சி?"

"பூஞ்சை செத்துடும்க்கா. அது விட்ட நஞ்சு அவ்வளவு லேசுல போகாது."

சொல்லிக்கொண்டே முறத்தின் ஓரத்தில் ஒதுக்கியிருந்த கறுப்புக் கடலையைப் பார்த்தாள்.

"இதெல்லாம் என்ன செய்வீங்கண்ணே?"

"குப்பையில போட மனசு வருமா? டின்ல சேத்து வச்சி, வறுத்துப் பொடிச்சிடுவேன். பொடிச்சா எல்லாம் ஒண்ணுதானேம்மா" என்றார் பெருமையாக.

அவள் என் கையிலிருந்த பொட்டலத்தைப் பார்த்தாள். நானும் பார்த்தேன்.

"அக்கா, அதுல கொஞ்சம் குடுக்கிறீங்களா? சோதிக்க."

முழுசாகவே கொடுத்துவிட்டேன். முடிவு வர நாளாகுமாம்.

அதுவரை ஒரு சின்ன விசாரிப்பு. போன வாரம் எங்கள் வீட்டில், இதே கடைப் பொடியில் செய்த என் கடலைச் சட்னியைக் கேட்டுக் கேட்டு வாங்கிச் சாப்பிட்டவர்களே, எல்லாரும் சௌக்கியம்தானே?