ஒரு படி குறைந்த பச்சை

போடியில் ஓர் ஏலக்காய் வியாபாரிக்குப் புரொஜக்டர் விற்கப் போனேன். வடக்கேயிருந்து வாங்க வருகிறவர்களுக்குத் தன் சரக்கைப் படம் போட்டுக் காட்ட அவருக்கு ஒன்று தேவைப்பட்டது. அந்த மாதம் ஒன்றாவது விற்காவிட்டால் எனக்கு வேலை இல்லை என்று நான் வேலை பார்த்த தேனிக் கடையில் சொல்லியிருந்தார்கள்.

வியாபாரி ஒல்லியான மனிதர். சட்டைப் பையில் எப்போதும் ஏலக்காய். பேச்சுக்கு நடுவே ஒன்றை எடுத்து வெளிச்சத்தில் பார்த்துவிட்டுத் திரும்பப் போட்டுக்கொள்வார். தின்று நான் பார்க்கவில்லை.

இருப்பதிலேயே உசத்தியான புரொஜக்டரை ஓடவிட்டேன். அவருடைய சரக்கு சுவரில் பச்சைப்பசேலென்று வந்தது. லூமென்ஸ், கான்ட்ராஸ்ட் என்று மூச்சுவிடாமல் விளக்கினேன். அவர் எழுந்துபோய்ப் படத்துக்குப் பக்கத்தில் ஓர் ஏலக்காயைப் பிடித்துப் பார்த்தார்.

"தம்பி, இது வேணாம்."

"ஏன் மொதலாளி? இதவிட நல்லா எதுவும் காட்டாது."

"அதான் வேணாங்குறேன். இம்புட்டுப் பச்சையக் காட்டிப்புட்டா, மூட்டையப் பிரிக்கையில வந்தவுக மூஞ்சி தொங்கிப்போகும். படத்தவிடச் சரக்கு நல்லாருக்குன்னு அவுக வாயால சொல்லணும்ல?"

சட்டென்று ரிமோட்டை எடுத்துப் பச்சையைக் குறைத்தேன்.

"இன்னும்," என்றார். குறைத்தேன். கையிலிருந்த ஏலக்காய் படத்தைவிட ஒரு படி பச்சையாகத் தெரிந்ததும் நிறுத்தச் சொன்னார்.

"இதையே எடுத்துக்கிறேன். எவனும் கூட்டிராம, அந்தப் பொத்தான் மேல டேப்ப ஒட்டிட்டுப் போ."

ஒட்டிவிட்டு வந்தேன். வேலை தப்பியது. சர்வீஸ் என்ற சாக்கில் பிறகு இரண்டு தடவை போய்ப் பார்த்தேன். டேப் அப்படியே இருந்தது.