தோற்ற அரசன் நின்ற இடம்

அம்மா போன மாதம் இறந்தாள். முப்பத்தொரு வருடம் அருங்காட்சியகத்தில் பழைய படங்களைச் சுத்தம் செய்தாள். ரப்பரைத் துருவி, தூளைக் காகிதத்தின் மேல் தூவி, விரல்நுனியால் வட்டமாகத் தேய்ப்பாள். தூள் கறுத்தால் அழுக்கு வருகிறது என்று அர்த்தம். கூட வேலை செய்தவர்கள் அவளுக்கு வைத்த பெயர் ரப்பரம்மா.

நான் கல்லூரியில் இரண்டாம் ஆண்டு படித்தபோது ஒரு போர்வெற்றிப் படம் அவளிடம் வந்தது. நடுவில் வென்ற அரசன், தன் குதிரையின் பக்கத்தில் நின்று, அதைவிடப் பெரியவனாக. காலடியில் தோற்ற அரசன், மண்டியிட்டு, கட்டைவிரல் அளவில். பின்னால் கை கட்டப்பட்ட வீரர்கள். எல்லோருக்கும் ஒரே முகம். தோற்றவனுக்கு மேலே சாம்பல் நிறக் கறை இருக்கிறது, கண்காட்சி தொடங்குவதற்குள் எடுத்துவிடவும் என்று மேலதிகாரி எழுதியிருந்தார். அவர் கையெழுத்துப் போட்டால்தான் அம்மாவுக்கு அடுத்த வருடமும் வேலை.

விளக்கைப் பக்கவாட்டில் வைத்துப் பார்த்தவள் கையை எடுத்துவிட்டாள். கறை அல்ல, சுரண்டிய தடம். ஒரு தோள், ஒரு தலை, நேரே பார்க்கும் கண். தோற்றவனை முதலில் வென்றவனுக்குச் சமமாக நிற்க வைத்துத்தான் வரைந்திருக்கிறார்கள். பிறகு சுரண்டி, கீழே இறக்கியிருக்கிறார்கள்.

அன்று இரவு சாப்பிடும்போது சொன்னாள். "நானூறு வருஷமா ஜெயிச்சவன் உசரத்துக்கே நிக்கிறான்டா. ஒருத்தர் கண்ணுலயும் படல."

வேலை போனால் என்ன செய்வது என்று கேட்டேன். தட்டை எடுத்துக்கொண்டு எழுந்தாள்.

மூன்றாம் நாள் மேலதிகாரியே வந்துவிட்டார்.

"ஒரு கறைக்கு மூணு நாளாம்மா? ரப்பர் தீந்துபோச்சா?"

"கறையில்ல சார், ஆளு. குனிஞ்சு பாருங்க. இன்னும் கீழ. கண்ணு மேசை மட்டத்துக்கு வரணும்."

சாய்ந்த வெளிச்சத்தில் அப்படிப் பார்த்தால்தான் தெரியும். அவர் ஒரு முழங்காலை ஊன்றினார், பிறகு மற்றதையும். வெகுநேரம் எழவே இல்லையாம்.

"இத அழிச்சிருந்தா என்னம்மா ஆயிருக்கும்?"

"இன்னொரு தரம் மண்டிபோட வெச்சிருப்போம் சார்."

படம் அப்படியே கண்ணாடிக்குள் போனது. பக்கவாட்டில் ஒரு சிறு விளக்கும் வைத்தார்கள். அம்மாவின் வேலையும் நிலைத்தது.

நேற்று ஸ்கேலோடு போனேன். கண்ணாடிக்கு வெளியே பிடித்து அளந்தேன். தரையிலிருந்து உச்சந்தலை வரை வென்றவன் பதினெட்டரை சென்டிமீட்டர். சுரண்டப்பட்டவனும் பதினெட்டரை. சந்தேகத்துக்கு இன்னொரு முறை அளந்தேன். அதேதான்.

அம்மா இதை வெறும் கண்ணால் பார்த்துச் சொன்னாள்.